அந்த ரெண்டு பேர்

— வண்டியிலேயே உக்காரு. பதினோரு மணிக்குத்தானே வரச் சொல்லியிருக்காங்க, இன்னும் இருபது நிமிஷம் கெடக்கு. முன்னாடியே போயி வாசல்ல நின்னா பயந்துட்டேன்னு நெனைப்பாங்க.

— பயமாத்தான்க்கா இருக்கு.

— இந்தா பாரு நெவில், பயப்படுறதுக்கு நீ என்ன பண்ணுனே? நன்னடத்தை அதிகாரியம்மா கேட்டா, ஜூரிகிட்ட சொன்னதையே சொல்லு. பிரிக்ஸோட தோட்டக் கொட்டகைக்கு நான் தீ வைக்கலேன்னு. அவ்ளோதான்.

— வக்கீல் வேற மாதிரி சொன்னாரே.

— என்னத்தைச் சொன்னாரு?

— இந்தம்மா எழுதுற அறிக்கையைப் படிச்சிட்டுத்தான் ஜட்ஜ் தண்டனை சொல்வாராம். பண்ணினதை ஒத்துக்கிட்டான், மனசார வருத்தப்படுறான்னு எழுதியிருந்தா, தண்டனையை நிறுத்திவச்சு வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவாராம். இன்னும் நான் இல்லேன்னே நின்னா ஒண்ணரை வருஷம் உள்ளேதானாம்.

— கோர்ட்டுல அந்தாளு மாட்டிக்கிற பொய்முடிக்கு இருக்கிற புத்திகூட அந்தாளுக்கு இல்லே. பண்ணாததுக்கு எப்படிடா வருத்தப்படுவே? பன்னெண்டு பேரும் சேந்து குற்றவாளின்னு சொல்லியிருந்தா நானும் வாயைப் பொத்திக்கிட்டு இருப்பேன். ஒண்ணரை நாள் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசியும் ஒத்துவரலே. அப்பறந்தானே ஜட்ஜ், பத்துப் பேர் ஒத்துக்கிட்டாலும் போதும்னாரு? எத்தனை பேருன்னு கேட்டப்ப ஜூரித் தலைவன் என்ன சொன்னான்? பத்துப் பேர் ஆமாங்கறாங்க, ரெண்டு பேர் இல்லேங்கறாங்க. கோர்ட்டே கேட்டுச்சு.

— நானும் கேட்டேன்க்கா. விடுதலைன்னு சொல்லியிருந்தா எத்தனை பேருன்னு கேட்டிருக்கவே மாட்டாங்களாம்.

— ஏனாம்?

— வெளியே போறவனை நாளைக்கு யாரும் சந்தேகமாப் பாக்கக் கூடாதாம்.

— போகட்டும். கேட்டதும் நல்லதுதான். அந்த ரெண்டு பேரை நெனைச்சுக்கிட்டுத்தான் நான் பதினெட்டு நாளாச் சோறு திங்கிறேன். ஒண்ணு, அந்தப் பச்சை ஸ்வெட்டர் பொம்பளை. நான் சாட்சி சொல்றப்ப தலையாட்டிக்கிட்டே இருந்தா. இன்னொண்ணு, காதுல கடுக்கன் போட்டிருந்தானே, அவன். பாக்கத்தான் அப்படி, நல்ல பய.

— அவனுக்குத் தூக்கம்க்கா.

— உன் வாயில நல்லதே வராதா? பிரிக்ஸ் பொண்டாட்டி மாவிஸ் முப்பது வருஷமா என்கூட பிங்கோ ஆடினவ. நேத்து என்னைப் பாத்துட்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறா. நான் விட்டேனா? அந்த ரெண்டு பேருக்கு இருக்கிற கண்ணு உனக்கு இல்லையேடின்னு நடுரோட்டுல கத்திட்டேன்.

— அவர் கை எப்படி இருக்காம்?

— யாரு கை?

— பிரிக்ஸ் கை.

— ரெண்டு விரல் இன்னும் மடங்கலியாம். எரியிற கொட்டகைக்குள்ள வெங்காய விதை டப்பாவை எடுக்கப் போகச் சொல்லி யாரு அழுதா? பாவந்தான், இல்லேங்கலே. ஆனா ஊர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு வாடகைக்கு விடுற கமிட்டிக்கு எழுதிப்போட்டு உன் தோட்டத் துண்டைப் பிடுங்கினவன்தானே! ஒன்பது வருஷம் வெங்காயம் வளக்குற போட்டியில முதல் பரிசு வாங்கியும் அந்தாளுக்கு அடங்கலே.

— விதை எடுக்க உள்ளே ஓடுவாருன்னு யாரு நெனைச்சா?

— அதான். தீ வச்ச பாவிக்குத் தெரிஞ்சிருக்கணும். சரி, உனக்குப் பையைக் கட்டி வச்சிட்டேன். ஆறு ஜோடி சாக்ஸ், அந்த ஊதா ஸ்வெட்டர், மூக்குக்கண்ணாடி ரெண்டு. தண்டனை சொல்ற அன்னைக்குக் கையோட எடுத்துட்டுப் போவோம். போனா தலை நிமிந்து போ.

— நான் உள்ளே போயிட்டா நீ தனியா என்னக்கா பண்ணுவே?

— இருந்துட்டுப் போறேன். ஆனா, வெளியே இருக்கணும்னு நீ பொய்யா ஒத்துக்கிட்டேன்னு வையி, எனக்கு அதைத் தாங்க முடியாதுடா. பைபிள் மேல கை வச்சிருக்கேன். அந்த அரசு வக்கீலம்மா எத்தனை தடவை மடக்கினா! உங்க தம்பியைக் கண்ணால பாத்தீங்களான்னா. பாக்கலே, கீழே பின்கட்டு அடுப்படியில உருளைக்கிழங்கு சீவிக்கிட்டிருந்தேன், கொட்டகை எரிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணியிலேருந்து ஏழரை வரைக்கும் மாடியில அவன் ரேடியோ ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னேன். டீ வேணுமான்னு கத்தினேன், பதில் இல்லே, ரேடியோ கேக்குறப்ப அவன் என்னைக்குப் பதில் சொல்லியிருக்கான்னேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னேனா?

— இல்லேக்கா.

— நீ இன்னைக்கு உள்ளே போயி ஆமான்னுட்டா, நான் கடவுள் சாட்சியாப் பொய் சொன்னவளாயிடுவேன். அதை மட்டும் எனக்குப் பண்ணிடாதே.

— நீ பொய் சொல்லலே. அந்த அதிகாரியம்மாகிட்ட இதைத்தான் மொதல்ல சொல்லப் போறேன்.

— எதை?

— எங்கக்கா பொய் சொல்லலேன்னு.

— அதை ஏன்டா அவகிட்ட சொல்லணும்? மணி ஆச்சு, எறங்கு. நெவில், என்னைப் பாரு. ஏன்டா அழறே? உன்னை நம்பின ரெண்டு பேரை நெனைச்சுக்கோ.

— அவங்க நம்பினது என்னை இல்லேக்கா, உன்னை. அன்னைக்கு மாடியில ரேடியோ மட்டும்தான் இருந்துச்சு.