ஒரு செம்பு தீர்த்தமும் ஞானசேகர் செய்த கையும்

எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல் தெற்குப் பார்த்தது, சாமி. வீட்டைக் கட்டிய கொத்தனார் அப்படி வைத்துவிட்டார். தெற்கே ஞானசேகர் வீட்டு முற்றம். காய் நறுக்கும்போது கண்ணை எங்கே வைத்துக்கொள்வது? மற்றபடி அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது.

நேற்றுப் பூசை முடிந்ததும் என்னை நிறுத்தி, "டீச்சர், அந்த மெஷினை நான் மந்திரிச்சதாலதான் ஞானசேகர் குடும்பம் இப்படி ஆச்சுன்னு ஊரே சொல்லுது. நான் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கட்டுமா?" என்று கேட்டீர்கள். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். முப்பத்தொரு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். இதைப் பாவசங்கீர்த்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவத்தை நினைத்து வருந்துகிற மனஸ்தாபம் வேண்டும் என்று சிறுவயதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இது ஒரு விளக்கம், அவ்வளவுதான்.

ஞானசேகர் ஆராய்ச்சி நிலையத்துப் பட்டறையில் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று படித்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் அது. அவர்களுக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுப்பது இவர் வேலை. அவர் மனைவி பெல்சி கிளினிக்கில் நர்ஸ். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் மூன்று ஓட்டை மட்டும் போட்டு, குழாயை விட்டு ஆபரேஷன் செய்கிறார்கள் என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். "அந்தக் குழாய் முனையில இருக்கற இடுக்கி நேராத்தான் போகுதாம், வளைஞ்சு திரும்ப மாட்டேங்குதாம். டாக்டரு அலுத்துக்கிறாரு" என்றாள். சோற்றில் கை வைத்திருந்த மனிதர் அப்படியே நிறுத்திவிட்டார். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. ஆறிப்போனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அன்று தொடங்கிய வேலை இரண்டு வருடம் நடந்தது. முழ நீளத்துக்கு ஒரு குழாய், சுண்டுவிரலை விட ஒல்லி. முனையில் கிளி மூக்குப் போல ஓர் இடுக்கி. இடுக்கிக்குக் கீழே நம் மணிக்கட்டு மாதிரி வளைகிற மூட்டு. குழாய்க்குள் நான்கு கம்பிகள்; சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து எடுத்த ஒற்றை இழைகள். மூட்டைத் திருப்ப இரண்டு, வாயைத் திறக்க ஒன்று, மூட ஒன்று. அடிப்பக்கம் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஏலத்தில் எடுத்த கம்ப்யூட்டர் பிரிண்டர்களிலிருந்து கழற்றிய மோட்டார்கள். பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்றும், கம்பி இழுபடும், அங்கே முனையில் கை அசையும். சத்தம் மட்டும் ரயில்வே டிக்கெட் அச்சடிப்பது போல இருக்கும்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. வாய்க்குப் போகிற கம்பிகள் மணிக்கட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? அதனால் மணிக்கட்டைத் திருப்பினால் அந்தக் கம்பிகளும் சேர்ந்து இழுபட்டு, யாரும் சொல்லாமலே வாய் திறந்துகொள்ளும். எட்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினார்.

"தலையைத் திருப்புனா வாய் தன்னால தொறக்குதே, நம்ம டீச்சர் மாதிரி" என்றாள் பெல்சி. இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்பவள் இல்லை. 1998 மார்ச் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணிக்குச் சொன்னது. தவக்காலம் வேறு. மன்னித்துவிட்டு சிலுவைப்பாதைக்குப் போய்விட்டேன்.

ஈஸ்டருக்குள் கோளாறு சரியாகிவிட்டது. மணிக்கட்டு திரும்பும்போது வாய்க் கம்பிக்கு அதே அளவு தளர்வு கொடுக்க இன்னொரு சக்கரம் வைத்தார். பெல்சி வேலை பார்க்கும் கிளினிக் டாக்டர் சொல்லி, மதுரையில் பெரிய சர்ஜனான டாக்டர் முத்துக்கண்ணன் மே மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக முடிவானது. அவருக்குப் பிடித்துவிட்டால் மதுரையில் தனிப் பட்டறை, உதவிக்கு ஆள், குடியிருக்க வீடு. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்தது.

நான் மூன்று பேருக்காக யோசித்தேன், சாமி. முதலில் நோயாளிகள்: பிரிண்டர் மோட்டாரை நம்பி வயிற்றைக் கொடுக்கலாமா? அடுத்து ஞானசேகர்: நிரந்தர உத்தியோகம், பென்ஷன் உண்டு, அதை விட்டுவிட்டு மதுரைக்கு எதற்கு? அப்புறம் பெல்சி: அவளுக்கு மதுரைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. எங்கள் தெருவில் பத்து வீடு. ஏழு பூட்டிக் கிடக்கின்றன. ஒன்று சிமெண்ட் குடோன். மீதி அவர்களும் நானும். என் மகன் மரிய ஜெரால்டு சிங்கப்பூரிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு போன் செய்வான், நான்கு நிமிடம். பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் கத்தரிக்காய் நறுக்குவது? ஆனால் அது காரணம் இல்லை. காரணங்கள் மேலே சொன்ன மூன்றும்தான்.

என்ன செய்ய வேண்டும் என்பதை ஞானசேகரே சொல்லிக்கொடுத்தார். நான் சும்மா விசாரிக்கப் போயிருந்தேன்.

"ஏன் தம்பி, இம்புட்டு மெல்லிசுக் கம்பி தாங்குமா?"

"இழுவைக்குத் தாங்கும் டீச்சர். துருப்பிடிக்காத கம்பி பம்பாய்ல சொல்லிருக்கு, வர ரெண்டு மாசமாகும். அதுவரைக்கும் இதுதான். உப்புத் தண்ணி மட்டும் படக்கூடாது. பட்டுச்சுன்னா ஒரு வாரத்துல அரிச்சுப்புடும். எங்க ஆபீஸ்ல அதைத்தானே நாள் பூராப் பாக்குறோம்."

நல்ல ஆசிரியர். புரியும்படி சொன்னார்.

மோட்டார் சைக்கிள், தையல் மெஷின், போர்வெல் பம்பு என்று எது வாங்கினாலும் நம்மவர்கள் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிப்பது வழக்கம். இத்தனை பெரிய காரியத்தை மந்திரிக்காமல் டாக்டரிடம் காட்டலாமா என்று பெல்சியிடம் கேட்டேன். அவள் அன்றே உங்களிடம் ஓடிவந்தாள். ஏப்ரல் இருபத்தாறாம் தேதி வந்தீர்கள். தண்ணீர் என் வீட்டுப் பித்தளைச் செம்பில் இருந்தது. தீர்த்தத்தில் சிட்டிகை உப்பு சேர்ப்பது பழைய முறை. நான் சேர்த்தது இரண்டு கை, கல் உப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி வைத்திருந்தேன். நீங்கள் ஜெபித்துத் தெளித்தீர்கள். "குழாய்க்குள்ளயும் கொஞ்சம் சாமி, அங்கதான் வேலையே நடக்குது" என்று நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். என் பக்தியைப் பாராட்டினீர்கள்.

நீங்கள் படியிறங்கியதும் ஞானசேகர் துணியை எடுத்தார்.

"என்ன செய்யறீக?" என்றாள் பெல்சி.

"தொடைக்கிறேன்டி. உள்ள கம்பி இருக்கு."

"மந்திரிச்ச தீர்த்தத்தைத் தொடைக்கிற கை வெளங்குமா? டாக்டரு வரப்போற நேரத்துலயா?"

"அடியே, அது தண்ணிடி. துருப்பிடிக்கும்."

"துருவுக்கே ஆபீசு வச்சிருக்கீக, எப்பப் பாத்தாலும் துருதான்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மந்திரித்த பொருளை, அது யாருக்காக வைத்ததோ அவர் வந்து முதலில் தொடும்வரை வேறு யாரும் தொடக்கூடாது, எங்கள் அம்மாச்சி சொல்லுவார் என்றேன். எங்கள் அம்மாச்சி அப்படி எதுவும் சொன்னதில்லை. பெல்சி உடனே தன் கல்யாண முக்காட்டை எடுத்துவந்து மெஷின்மேல் போர்த்திவிட்டாள். தினம் இருபது தடவை ஓட்டிப் பார்க்கும் மனிதர், ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பொண்டாட்டிக்குப் பயந்தாரா, கடவுளுக்குப் பயந்தாரா தெரியவில்லை. வித்தியாசம் அவருக்கும் தெரிந்திருக்காது.

இருவரும் வேலைக்குப் போகும்போது சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். செம்பில் மீதித் தீர்த்தம் இருந்தது. தீர்த்தத்தைச் சாக்கடையில் ஊற்றுவது பாவம். ஆகவே செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் முக்காட்டைத் தூக்கி, ஒரு சங்கு அளவு குழாய்க்குள் ஊற்றிவிட்டு, மடிப்புக் கலையாமல் மூடிவைத்தேன். சங்கு என்றால் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடை. ஜெரால்டுக்கு வாங்கியது.

டாக்டர் முத்துக்கண்ணன் நல்ல மனிதர். காரை விட்டு இறங்கியதுமே செருப்பைக் கழற்றினார். வயிற்றுக்குப் பதிலாக ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டியின் மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே கோழி ஈரல் வைத்திருந்தார்கள். கை உள்ளே போனது. மணிக்கட்டு இடம் வலமாகத் திரும்பியது. வாய் மூடியபடியே இருந்தது. பெல்சி அழுதுவிட்டாள். ஈரலை நைந்துபோகாமல் எடுத்து வெளியே வைத்தது. நானும் கைதட்டினேன். நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் கிடையாது.

"பிடி எவ்வளவு மிருதுவா இருக்குன்னு பாக்கணுமே" என்று டாக்டர் தன் வலது ஆள்காட்டி விரலை நீட்டினார். இடுக்கி பூப்போலப் பிடித்தது.

"அருமை. இப்ப விடச் சொல்லுங்க."

ஞானசேகர் பொத்தானை அழுத்தினார். குழாய்க்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். திறக்கிற கம்பி அறுந்துவிட்டது. மூடுகிற கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"விடலையே?"

"விடலை டாக்டர்."

"கரண்டை நிறுத்துங்க."

"நிறுத்துனாலும் விடாது டாக்டர்."

"ஏன்?"

"நம்ம ஊர்ல அடிக்கடி கரண்டு போகும்ல. ஆபரேஷன் நடுவுல போனா பிடி நழுவக்கூடாதுன்னு, அப்படித்தான் பல்சக்கரம் வச்சுச் செஞ்சிருக்கேன்."

டாக்டர் மாட்டிய விரலோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியைக் கழற்றி விரலை எடுக்க இருபது நிமிடம் ஆனது. அதுவரை அவர் இடது கையால் காபி குடித்தார். நடுநடுவே டம்ளரை நான்தான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். போகும்போது "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

குழாயைப் பிரித்தார்கள். கம்பி கருவேப்பிலைக் காம்பு மாதிரி ஒடிந்தது. துருவை ஆராயும் இடத்திலிருந்து வந்தவர் வீட்டிலேயே துரு என்று அவர் ஆபீசில் ஒரு வாரம் சிரித்தார்களாம். தீர்த்தத்தால் வந்த வினை என்றார் அவர். தீர்த்தத்தைத் துடைக்க நினைத்ததால் வந்த வினை என்றாள் அவள். பேச்சு நின்றுபோனது. ஒரே வீட்டில் இருவர் பேசிக்கொள்ளாவிட்டால் யாராவது நடுவில் நின்று சொல்லத்தானே வேண்டும்? அவர் சொன்னதை அவளிடமும், அவள் சொன்னதை அவரிடமும் நான்தான் சேர்ப்பித்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் கோடிட்ட இடங்களை நிரப்பக் கற்றுக்கொடுத்தவள், பாதியில் நிற்கிற வாக்கியத்தை அப்படியே விட எனக்கு வராது. பத்தாம் நாள் பெல்சி பெட்டியோடு அமராவதிபுதூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட்டதும் நான்தான்.

ஆகவே சாமி, உங்கள் மந்திரத்தில் குற்றமில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம். போனால் பேச்சு வளரும், ஊர் வாய் பொல்லாதது. இந்தக் காகிதத்தையும் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுத உட்கார்ந்தபின் மறைப்பது எனக்குப் பிடிக்காது. மே பதினான்காம் தேதி தபால்காரர் அழகு, ஞானசேகர் வீடு பூட்டியிருந்ததால் ஒரு கடிதத்தை என்னிடம் கொடுத்தார். சோறு வடித்த ஆவியில் காட்டியதும் உறை தானாகத் திறந்துகொண்டது. டாக்டர் எழுதியிருந்தார். இருபது நிமிடம் பிடித்தும் விரலில் ஒரு கீறல்கூட இல்லை, இப்படி ஒரு பிடியைத்தான் ஐந்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன், கம்பியை மட்டும் மாற்றினால் போதும், பட்டறை தயார், ஜூன் முப்பதுக்குள் மனைவியோடு மதுரைக்கு வந்து சேருங்கள், வராவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு ஆள் பார்ப்பேன் என்று. அழகான கையெழுத்து. டாக்டர்களுக்கு அப்படி அமைவது அபூர்வம்.

இன்று ஜூலை பன்னிரண்டு. கடிதம் என் ஜெபப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. கொடுக்கக்கூடாது என்றில்லை. அவர் இப்போது இருக்கும் நிலையில் இதைப் பார்த்தால் தாங்குவாரா என்று யோசிக்கிறேன்.

தினமும் வேலை விட்டு வந்ததும், விளக்குக்கூடப் போடாமல், நேராக எங்கள் அடுப்படிக்கு வந்துவிடுகிறார். மணையைப் போட்டு உட்கார்ந்து, நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்கிறார். பதினோரு வருடம் அடுத்த வீட்டில் இருந்தும் இவ்வளவு பேசியதில்லை. "அந்த டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தாப் போதும் டீச்சர், அவளைப் போய்க் கூட்டிட்டு வந்துருவேன்" என்கிறார். "பெரிய மனுசக தம்பி, மறந்துருப்பாக. இன்னொரு தோசை வைக்கட்டா?" என்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார். பாவம், சாமி. இந்த ஊரில் அவருக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?