நாலு விரல் தண்ணி

— சிரிக்காதீங்க மேஸ்திரி. இன்னைக்கும் நாலு விரல் குறைஞ்சிருக்கு.

— சிரிக்கலம்மா, யோசன பண்ணிகினு இருக்கேன். யுத்தத்துல சிமெண்டு கெடைக்கலன்னு கடுக்காத் தண்ணியும் வெல்லமும் போட்டு அரைச்ச சுண்ணாம்பு. நம்ம கை வேலை. இந்த வேதாசலம் கட்டுன நீச்சல் தொட்டி ஒழுவுதுன்னு திருத்தணியில பேச்சு வந்தா எவன் என்னக் கூப்புடுவான்?

— உங்க பேரை விடுங்க. என் மக ஜெயகுமாரி காலு என்ன ஆவறது? கையைப் பிடிச்சு மார்பளவு தண்ணியில தினம் நடக்க வைங்க தேவசுந்தரின்னு டாக்டரம்மா சொன்னதாலதானே இதைக் கட்டினோம்? இப்ப இடுப்பளவுதான் நிக்குது. ரொப்பறதுக்குக் கிணத்துலயும் தண்ணியில்ல.

— கோச்சிக்காதீங்க. மொதல்ல, வெயில் குடிக்குதான்னு படியில ஒரு சட்டித் தண்ணி வெச்சேன். சட்டியில நூலளவுதான் கொறைஞ்சிது.

— அப்ப வெடிப்பா?

— செவுரோரமா மஞ்சத்தூள் கரைச்சு உட்டேன். ஓட்ட இருந்தா மஞ்ச அந்தப் பக்கம் இழுத்துகினு போவும். இது உட்ட எடத்துலயே நின்னுகினு கெடக்குது.

— பின்ன எங்கதான் போவுது!

— ராத்திரியில கொறையுதா?

— இல்ல. விடியக்காலம் பாத்தா, நீங்க தினம் சாயங்காலம் செவுத்துல போடற கரிக்கோட்டுலயே நிக்குது. கோயிலுக்கு ஜெபத்துக்குப் போயிட்டு வந்தா கோட்டுக்குக் கீழ நாலு விரல்.

— அந்த நேரத்துல வூட்ல யாரு?

— யாரு இருக்கா? அவர் அரக்கோணத்துல ரயில்வே வேலையில, ஞாயித்துக்கிழமைதான் வருவார். கேட்டைப் பூட்டிட்டுத்தான் போறேன். ஜெயகுமாரி மட்டும் கட்டில்ல.

— பாவம், தண்ணி கொறையறது பாப்பாவுக்கும் வருத்தமா இருக்கும்.

— அவளுக்கா! "தண்ணியைக் குறைம்மா, கையை விடும்மா, நானே நிக்கிறேன்"னு தினம் அழுவா. நான் விடுவேனா? விழுந்து கிழுந்து வெச்சா கர்த்தர்தான் காப்பாத்தணும்.

— ம்... இப்டி வாங்கம்மா, தோட்டத்துப் பக்கம். தண்ணி தொறந்து உடற ஓட்டைக்குத் துணி சுத்தின மரக்கட்டைய சொருவி வெச்சேனே, நேத்து சாயங்காலம் அத்தச் சுத்தி ஈர செம்மண்ணு பூசிட்டுப் போனேன். பாருங்க.

— ஐயோ, மண்ணெல்லாம் கலைஞ்சிருக்கே! திருடனா?

— எந்தத் திருடன் கட்டைய உருவிட்டு மறுபடியும் பத்திரமா சொருவிட்டுப் போவான்? இந்தா, தளத்துல செம்மண் காலடி. சின்னக் காலு. ஒண்ணு முழுசா பதிஞ்சிருக்குது. இன்னொண்ணுல வெரலு மட்டும், இழுத்துகினு வந்தா மாதிரி. நேரா உங்க பின்வாசலுக்குத்தான் போவுது. அம்மா? இன்னாம்மா, உக்காந்துட்டீங்க?

— மேஸ்திரி... நாலு வருஷமா அவளை நான் இடுப்புலதான் தூக்கிட்டுப் போறேன்.