பாவா பிடித்துக்கொள்வார்

டீ வேண்டாம், சார். சர்க்கரை உடம்புக்கு ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு இங்கே உட்கார்ந்து குடித்தால் நன்றாக இருக்காது.

திருத்தணியில் ஜிம் நடத்துகிறேன். ஊரிலேயே அதிக எடை தூக்குபவன் நான்தான், பாதி தூரத்துக்கு. ஸ்குவாட் போடும்போது முழங்கால் லேசாக மடங்கியதுமே எழுந்துவிடுவேன். கண்ணாடியில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும்.

என் மனைவி மோனிஷாவின் தம்பி பூபாலன்தான் அதை உடைத்தான். "பாவா, தசை நல்லா இழுபடுற வரைக்கும் இறங்கினாதான் வளரும். நீங்க மேலயே ஆட்டிக்கினு இருக்கீங்க. கை ஓயுற வரைக்கும் தூக்கவும் வேணாம், கொஞ்சம் தெம்பு மிச்சம் வெச்சு நிறுத்துங்க." பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுவும் பாதிதான்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஜிம்மின் பெரிய காவடியை மலைக்குச் சுமப்பவன் நான். போன வருடம் உயரமான ஒரு படியில், ஆழமாக மடங்கிப் பழகாத என் முழங்கால் நடுங்கி நின்றுவிட்டது. பூபாலன் காவடியை என் தோளிலிருந்து வாங்கி உச்சிவரை கொண்டுபோனான். "மாஸ்டர், நீங்க ஆட்டோல வந்துடுங்க" என்றான் ஜிம் பையன் கங்காதரன். முருகனுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

இந்த வருடமும் பூபாலனே சுமக்கட்டும் என்று பையன்கள் முடிவு செய்தார்கள்.

திங்கட்கிழமை காலை, மற்றவர்கள் வருமுன், அவன் மார்புப் பயிற்சிக்காக பென்ச்சில் படுத்தான். தலைமாட்டில் நின்று, அவன் கை ஓய்ந்தால் எடைக் கம்பியைப் பிடிப்பது என் வேலை.

"காவடி தூக்கப்போறவன் மிச்சம் வெக்கலாமாடா? முடியுற வரைக்கும் போடு."

"வேணாம் பாவா."

"ஏன், நான் புடிக்கமாட்டனா?"

"ஆங், நீங்கதான் இருக்கீங்களே."

ஒவ்வொரு முறையும் மார்பைத் தொடும்வரை இறக்கி, முழுதாக ஏற்றினான். அழகான அசைவு. பிறகு கை ஓய்ந்து, "பாவா" என்றான். என் விரல்கள் கம்பிக்கு அடியில்தான் இருந்தன. கொஞ்சம் தெம்பு மிச்சம் வைத்திருப்பான் என்று காத்திருந்தேன். கம்பி கழுத்துக்கு நகர்ந்தது. அவன் கால்கள் அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம் தூக்கினேன். சுலபமாகத்தான் வந்தது.

கை நழுவிவிட்டது என்று மோனிஷாவிடம் சொன்னேன். நழுவவில்லை, சார். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கிருத்திகை முடிந்ததும் ஜெயிலுக்கு அழைத்துப் போங்கள். மைத்துனன் சாவுக்கு எனக்கு நீண்ட தீட்டு இல்லை, விசாரித்துவிட்டேன். அந்தக் காவடியைத் தூக்க என்னை விட்டால் ஜிம்மில் வேறு ஆள் இல்லை.