முன் பிரேக் கழற்றப்பட்ட விதம் குறித்து

பெயர்: வேலாயுதம் தயானி. வயது: 29. தொழில்: கொழுந்து பறித்தல். முகவரி: ஏழாம் இலக்க லயம், மேற்பிரிவு, கினிகொல்லை தோட்டம், பசறை. இறந்துபோன அழகர் ஜெயகுமாரின் மனைவி. வாக்குமூலம் தமிழில் சொல்லப்பட்டு, தமிழ் தெரிந்த பெண் கான்ஸ்டபிளால் எழுதப்படுகிறது.

நான் மேற்படி முகவரியில் என் மாமனார் அழகருடனும் என் சிறு மகளுடனும் வசித்து வருகிறேன். அந்த லயக் காம்பரா வீடு மாமனாரின் பெயரில் இருக்கிறது. சைக்கிள் கடை ஜுனைதீன் மீது மாமனார் கொடுத்திருக்கும் முறைப்பாட்டுக்குச் சாட்சி சொல்வதற்காக அவரே என்னை இன்று இங்கே கூட்டி வந்தார். இப்போது என் மகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்லப்போவது அவருடைய முறைப்பாட்டுக்கு மாறானது. அது அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு அந்தக் காம்பராவில் எனக்கும் என் மகளுக்கும் இடம் இருக்குமா என்று எனக்கும் தெரியாது.

என் கணவர் முன்பு தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அதன் பிறகு வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் தேயிலை மலைகளுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்த வேலைக்குச் சைக்கிள் சொந்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். அவர் ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த பழைய மவுண்டன் சைக்கிள் ஒன்றைப் பதுளையில் வாங்கி வந்தார். வாங்கியபோது அதில் சட்டமும் இரண்டு சக்கரமும்தான் உருப்படியாக இருந்தன. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து, பசறை ஜுனைதீன் கடையில்தான் மாட்டினார்.

முதலில் டயரை மாற்றினார். பழைய டயர் தார் ரோட்டுக்கு ஆனது, நம் மலைப் பாதையில் ஈரக் கல்லில் வழுக்கும் என்று சொல்லி அகலமான பல்லுப் பல்லான டயர் போட்டார். அதன் பிறகு கியர். ஏற்றத்தில் இறங்கித் தள்ளாமல் மிதித்தே ஏற வேண்டும் என்பதற்காகப் பின் பல்சக்கரம் பெரியதாக வேண்டும் என்றார். எந்தப் பல்சக்கரம் என்று கைபேசியில் பார்ப்பார், ஜுனைதீனிடம் கேட்பார், திரும்பவும் கைபேசியில் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது தேத்தண்ணி ஆறுவதற்குள் சரி சொல்லிவிட்டு எழுந்துபோன மனுசன், ஒரு பல்சக்கரத்தைத் தெரிவு செய்ய ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்தார். அதை நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். “எனக்கு நீ கெடச்சதே பெருசு, அதுல என்னத்தத் தெரிவு பண்றது” என்று சிரித்தார்.

அதன் பிறகு முன் சக்கரத்தில் குலுக்கம் தாங்கும் ஷொக்கும் பிரேக்கும் ஒன்றாக மாற்றப்பட்டன. பிரேக்கைக் கடைசியில் பார்க்கலாம் என்றுதான் என் கணவர் இருந்தார். ஜுனைதீன் விடவில்லை. “எறங்கிற சைக்கிளுக்கு மொதல்ல பிரேக்கப் பாருங்க தம்பி, மத்ததெல்லாம் பொறகு” என்று சொல்லி, பழைய வயர் பிரேக்கைக் கழற்றிவிட்டு, ஒயிலில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் முன்னுக்கும் பின்னுக்குமாக ஒரு சோடி மாட்டினார். அன்று நான் மகளுக்குச் சப்பாத்து வாங்கப் போயிருந்ததால் கடையில் இருந்தேன். இரண்டு பிரேக்கும் மாட்டியதை என் கண்ணால் பார்த்தேன். ஜுனைதீன் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக்கைப் பிடித்துப் பார்க்கும்படி என் மகளிடம் சொன்னார். அவள் ஒரு விரலால் பிடித்தாள், சக்கரம் நின்றது.

எங்கள் மேற்பிரிவில் உள்ள ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். என் கணவருக்கு ரமேஸ் என்று ஒரு அண்ணன் இருந்தார். நான் கல்யாணம் முடித்து வருவதற்கு முன்பே, கோயிலுக்குக் கீழே உள்ள இறக்கத்தில் அவர் முன் பிரேக்கைச் சடாரென்று பிடித்ததில் சைக்கிள் தலைகீழாகப் புரண்டு, தண்ணீர்ப் போக்கின் கட்டு மேல் விழுந்து கழுத்து முறிந்து இறந்தார். அவரைப் புதைத்துவிட்டு வந்த மாமனார், குறடும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போய், இருந்த எல்லாச் சைக்கிளிலும் முன் பிரேக்கைக் கழற்றினார். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பிறகு மேற்பிரிவுக்குப் புதுச் சைக்கிள் வந்தால் முதலில் அவரிடம்தான் கொண்டு போவார்கள். அவர் முன் பிரேக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஹேண்டிலில் திருநீறு பூசிக் கொடுப்பார். பழைய சைக்கிள்களில் அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. செங்குத்தான இடம் வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

இந்த வழக்கத்தை நான்தான் அன்று கடையில் வைத்து ஜுனைதீனிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார். “தங்கச்சி, இந்தச் சைக்கிள் தள்ளிட்டுப் போற சைக்கிள் இல்ல. பின் பிரேக்க மட்டும் புடிச்சிட்டே இவ்வளவு எறக்கம் எறங்க ஏலாது. சூடேறிச் சூடேறிக் கடைசியில ஒண்ணுமே புடிக்காமப் போயிடும். பெரியவருக்கு நல்லா வெளங்கப்படுத்துங்க” என்றார். நான் வீட்டுக்குப் போய் மாமனாரிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், “மூத்தவனத் தூக்கி எறிஞ்சது எது? பின் பிரேக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் மாமனார் ஒன்றும் செய்யவில்லை. வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப்போகும் புதுப் பாதை எங்கள் மேற்பிரிவிலிருந்து பசறைக்கு இறங்குகிறது என்றும், அது கோயில் இறக்கத்தால் போகிறது என்றும் என் கணவர் வீட்டில் சொன்னார். அடுத்த நாள் காலையில் அந்தப் பாதையில் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். அதைக் கேட்டதும் மாமனார் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தார். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே, என் கணவருடைய ஸ்பானர் சாவியாலேயே முன் பிரேக்கின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஹேண்டிலில் இருந்த பிடியையும் கழற்றி, ஒயில் குழாயோடு அப்படியே எடுத்தார். என் கணவர் சைக்கிள் சரியாதபடி பிடித்துக்கொண்டு நின்றார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். மாமனார் வழக்கம்போலத் திருநீறு பூசினார்.

அவர் உள்ளே போன பிறகு நான் என் கணவரைச் சத்தம் போட்டேன். “ஜுனைதீன் நானா சொன்னது ஒங்களுக்கு வெளங்கலயா? அப்பாவுக்குப் பயந்துக்கிட்டு உசிரக் குடுப்பீங்களா?” என்று கேட்டேன். “மெதுவாப் பேசு. ஒரு நாளைக்கு அப்பா மனசுக்கு விட்டுருவோம். நாளைக்குக் கீழ போயி நானாகிட்ட வேற ஒண்ணு மாட்டிக்கிறேன். இந்த ஒரு எறக்கம்தானே” என்று சொன்னார். என் கணவரைப் போல் பொறுமைசாலி எங்கள் லயத்திலேயே இல்லை. அந்தப் பொறுமை மீது எனக்கு இப்போதும் ஆத்திரம் தீரவில்லை.

அடுத்த நாள் நான் கோயில் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ரோடு எனக்குக் கீழே தெரிந்தது. என் கணவர் மேலேயிருந்து இறங்கி வந்தார். வந்த வேகம் சரியில்லை. அவர் இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பக்கத்து நிரையில் நின்ற ராசம்மா அக்கா, “ஒம் புருசன் காலால பிரேக் போட்டு வெளாட்டுக் காட்டுறான் பாரு” என்று சிரித்தார். இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, என் கணவர் எப்போதும் விளையாட்டுக் காட்டுகிறவர்தான். ஆனால் அன்று அவர் மேலே பார்க்கவில்லை. நான் நிற்கிற மலை என்றால் எப்போதும் மேலே பார்த்துக் கை காட்டுவார்.

அதன் பிறகு அவர் வளைவில் மறைந்தார். விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் ஓரமாக நின்றிருந்த கொழுந்து லொறியின் ஹோர்ன் விடாமல் அடிக்கத் தொடங்கியது. லொறி அவர் மேல் முட்டவில்லை. அவர் விழுந்ததைப் பார்த்த ட்ரைவர் ஆட்களைக் கூப்பிடுவதற்காக ஹோர்னை அடித்தார். நான் கூடையைப் போட்டுவிட்டுத் தேயிலைச் செடிக்குள்ளால் ஓடி இறங்கினேன். என் கணவர் ரோட்டுக்குக் கீழே தண்ணீர்க் கானின் கல்லில் கிடந்தார். இடது சப்பாத்தின் அடி தேய்ந்து காலுறை தெரிந்தது. சைக்கிள் அவருக்கு மேலே கவிழ்ந்து கிடந்தது. அதைத் தள்ளுவதற்காகப் பின் சக்கரத்தில் கை வைத்தபோது பிரேக் பிடிக்கிற டிஸ்க் தட்டு என் விரல்களைச் சுட்டுவிட்டது. சூட்டில் தட்டு நீலம் பாய்ந்திருந்தது. சுட்ட தழும்பு வலது கையில் இருக்கிறது, கான்ஸ்டபிளிடம் காட்டினேன்.

அவரைப் படங்குச் சாக்கில் வைத்துத் தூக்கி, அதே லொறியில் பசறைக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இறந்தார். லொறியில் போகும்போது அவருக்கு நினைவு இருந்தது. “புடிக்கல, புடிக்கல” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு சாவு வீட்டில் மாமனார், “ஒத்த பிரேக்க மாட்டிக் குடுத்து எம் புள்ளயக் கொன்னுட்டான் அந்தக் கடைக்காரன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி அழுதார். அதைக் கேட்டு இளவட்டப் பையன்கள் சிலர் பசறைக்குப் போய் ஜுனைதீன் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். மாமனார் முறைப்பாடு கொடுத்தார், ஜுனைதீன் விளக்கமறியல் சிறைக்குப் போனார். சாவு வீட்டுக்கு வந்தவர்களில் சைக்கிள் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்மை தெரியும். வேண்டுமானால் மேற்பிரிவுக்கு வந்து பார்க்கலாம், ஒரு சைக்கிளிலும் முன் பிரேக் இருக்காது. என் கணவரின் முன் சக்கரத்தில் டிஸ்க் தட்டு இன்னும் இருக்கிறது. முன் பிரேக்கே மாட்டாத கடைக்காரன் முன் சக்கரத்துக்குத் தட்டு எதற்குப் போட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சில நாட்களுக்குப் பிறகு ஜுனைதீனின் மனைவி ஸில்மியா எங்கள் லயத்துக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றுகொண்டு, “ரெண்டு பிரேக்கும் மாட்டினேன்னு எங்க ஊட்டுக்காரர் சொல்றார். அது உண்மையா தங்கச்சி? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிடுறேன்” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமனார் கதவைச் சாத்திவிட்டார். ஸில்மியா வெகுநேரம் போகவில்லை. கதவுக்கு அடியில் அவருடைய செருப்பு தெரிந்துகொண்டே இருந்தது. புருசனைப் பறிகொடுத்தவள் நான். ஆனால் அன்று அந்தப் பெண்ணைத்தான் நான் பாவம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு, மாமனார் வெளியே போயிருந்த ஒரு பகலில் கழற்றிய பிரேக்கைத் தேடினேன். மூத்த மகன் ரமேஸின் உடுப்புகள் இருக்கும் பெட்டியில், ஒரு சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தார். பிடி, குழாய், போல்ட் எல்லாம் அப்படியே இருந்தன. இன்று அதைப் பையில் என் மகளின் மாற்றுக் கவுனுக்கு அடியில் வைத்து, பஸ்ஸில் மாமனாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொண்டு வந்தேன். அதை இப்போது கான்ஸ்டபிளிடம் ஒப்படைக்கிறேன். சைக்கிளில் இருக்கும் பின் பிரேக்கும் இதுவும் ஒரே சோடி என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

ஜுனைதீன் தரப்பில் யாராவது என்னைப் பயமுறுத்தினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்கப்பட்டது. இல்லை. மாமனார் மகனுக்குக் கெடுதல் நினைத்துக் கழற்றினாரா என்றும் கேட்கப்பட்டது. இல்லை. மூத்தவனைப் போல இவனும் போய்விடக் கூடாது என்றுதான் கழற்றினார். அதையும் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். ஆனால் கழற்றியது தான்தான் என்று தெரிந்துகொண்டே இன்னொருவர் மேல் போட்டது பொய். அந்தப் பொய்யில் ஒரு மனுசன் உள்ளே இருக்கிறான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்ட இருந்தபோது, மாமனாரையும் உள்ளே கூப்பிட்டு அவர் முன்னிலையில் வாசிக்கும்படி கேட்டேன். இதை அவர் ஊரார் வாயால் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அவர் தூங்கிவிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மேசையில் இருந்த பிரேக்கைப் பார்த்தார். கான்ஸ்டபிள் முழுவதையும் வாசித்தார். வாசித்து முடிந்ததும் மாமனார் கான்ஸ்டபிளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “முன் பிரேக் இருந்திருந்தா எம் புள்ள நின்னுருப்பானா?” என்று கேட்டார்.

நான், “நின்னுருப்பாரு மாமா” என்று சொன்னேன்.

அவர் கேட்டதும் நான் சொன்னதும் என் வேண்டுகோளின்படி இதில் சேர்க்கப்பட்டன. இதில் உள்ள ஒவ்வொன்றும் நான் கண்டதும் கேட்டதும்தான். யாரும் சொல்லித்தந்து சொல்லவில்லை. வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது, மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) வே. தயானி