மாப்பிள்ளையின் செப்புக் காசு

பாராட்டுவதில் நான் ஒருபோதும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. நம் நாணயச் சங்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர் பச்சை பிடித்த காசை நீட்டினாலும், அதில் நல்லதாக ஏதாவது கண்டுபிடித்துச் சொல்லித்தான் அனுப்புவேன். மாப்பிள்ளையின் செப்புக் காசு கெட்டது எப்படி என்று விசாரணைக் குழுவினராகிய நீங்கள் மூவரும் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எனவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த வருடத்துக் காசில் நமக்குத் தெரிந்து மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று என்னுடையது, மற்றொன்று என் தங்கை கணவரான மாப்பிள்ளையுடையது. தேய்மானமும் ஒன்றே, எழுத்தின் கூர்மையும் ஒன்றே. தரம் பார்த்தவர்களும் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் போட்டார்கள். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருவர்கூட என்னுடையதைப் பார்ப்பதில்லை. என்னுடையது பழுப்பேறிப்போனது. அவருடையதோ நூற்றைம்பது வருடம் கழித்தும் அச்சிலிருந்து விழுந்த அன்றைய சிவப்போடு இருந்தது. ஒரே மார்க் வாங்கிய இரண்டு பேரில் ஒருத்தர் மட்டும் சிரித்த முகமாக இருந்தால் கண் யாரிடம் போகும்? நாணயத்தில் கண்ணுக்குப் பிடிப்பது என்பது அதுதான். எந்த மதிப்பெண்ணும் அதற்கு ஈடாகாது.

இதைப் பொறாமை என்று நினைத்துவிட வேண்டாம். நான் முப்பது வருடமாகச் சேர்க்கிறேன். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் மாப்பிள்ளையோ போன வருடம்தான் ஆரம்பித்தார். ஒரு பழைய சாமான் கடையில், பொத்தான் டப்பாவுக்குள் கிடந்ததாம் அந்தக் காசு. கண்காட்சியில் கூடத்தின் நடுவே விளக்கு போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டல்லவா, அதில் ஒரே ஒரு காசுதான் வைப்பீர்கள். அது யாருக்குப் போகும் என்பது பொத்தான் டப்பா முடிவு செய்யும் விஷயமா? என்னை வருடா வருடம் கழிப்பறைக் கதவை ஒட்டிய மேசையில் உட்காரவைத்தீர்கள். நான் குறை சொல்லவில்லை.

மாப்பிள்ளை கவனமான மனிதர். காசை ஓரத்தில்தான் பிடிப்பார். உறையிலிருந்து எடுத்த காசின் மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று, மாடியில் காசு வைக்கும் அறைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார். பேசும்போது தெறிக்கும் எச்சில் அப்போது தெரியாது, மாதக்கணக்கில் ஊறிய பிறகுதான் கரும்புள்ளியாக வெளியே வரும். செம்பில் வந்த புள்ளி போகவே போகாது. துடைத்தால் காசே போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காசை உறையிலிருந்து எடுத்து என் விரல்களுக்கிடையில் வைத்தார். முதல் தடவை உண்மையிலேயே வாய் தவறித்தான் பேசினேன். "பிரமாதம் மாப்பிள்ளை" என்றேன். பூதக்கண்ணாடியில் ஊசிமுனை அளவு ஈரம் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சும்மா இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், முகமெல்லாம் பூரித்து, "நெசமாவா மச்சான்?" என்று கேட்டார். ஊரையே வாய் பொத்தச் சொன்ன மனிதருக்கு, புகழ்கிறவனை மட்டும் நிறுத்த மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. நன்றாகத் தெறிக்கும் சொற்களைப் பொறுக்கினேன். பிரமாதம், பிரமிப்பு, பளபளப்பு. புகழ்வதற்குத் தேவையான சொற்களில் பாதி உதட்டைத் தட்டித்தான் வருகின்றன, அதற்கு நான் பொறுப்பல்ல. மாடி ஏறும் முன் தங்கையிடம் எலுமிச்சைச் சாறு கேட்டு வாங்கிக் குடிப்பேன்.

"உப்பு தூக்கலா போடும்மா."

"உனக்கு உப்பு போட்டா பிடிக்காதே அண்ணா?"

"இப்பப் பிடிக்குது."

அவள் கலந்து கொடுத்தாள். புளிப்பும் உப்பும் செம்பை எப்படி அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை போன் செய்தார். போய்ப் பார்த்தேன். ஒன்பது புள்ளிகள். காசில் இருந்த பெண்ணின் கன்னத்தில் மட்டும் மூன்று. மாப்பிள்ளை நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். தங்கை சுவரோரம் நின்றிருந்தாள். அவள் கலகலப்பானவள். அந்த அறையைப் பெருக்கும்போதும் வாய் ஓயாது, பாட்டும் சிரிப்புமாகத்தான் இருப்பாள்.

"உன் வாய்தான். வேற யாரு இங்க பேசறாங்க?" என்றார் மாப்பிள்ளை.

"நான் அந்த உறையைத் தொட்டதே இல்லைங்க." என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீயாவது சொல்லேன்."

சொன்னேன். "விடுங்க மாப்பிள்ளை. பாவம், தெரியாமத்தானே செஞ்சிருப்பா."

அதைவிடப் பரிவாக எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மறுநாளே அவள் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் என்று எதற்கு இருக்கிறேன், மாடியறையை ஒழித்துக் கொடுத்தேன். வந்து மூன்று வாரமாகிறது. மாப்பிள்ளை ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. அவள் சாப்பிடுவது குறைந்திருக்கிறது, பாட்டு நின்றுவிட்டது.

ஆக, காசைக் கெடுத்தது நான்தான். அவளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புகழக் கூடாது என்று சங்க விதியில் எங்கும் எழுதப்படவில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். நடுப்பெட்டியில் என் காசு ஏறி, கண்காட்சி முடியும் வரை இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். அதன்பின் அவளிடம் நானே சொல்லிவிடுவேன், என் கூடப் பிறந்தவள் அல்லவா.

நேற்றுக் கண்காட்சிக்காகக் காசுகளைத் திறந்து வைத்திருந்தபோது, என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள். உள்ளே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, நான் நிமிரும் வரை வாசற்படியிலேயே நின்றாள். செம்புக்கு அது நல்ல பழக்கம் என்பதால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.