மேஜையில் வைத்த உரைகள்

அந்தப் பைய மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சிட்டு உக்காருங்கமா. தரையில வேண்டாம், தொவைச்ச துணி இருக்கு. பன்னெண்டரைக்கு நான் கெளம்பணும், அதுவரைக்கும் தாராளமா கேளுங்க. மாசிலாமணி ஐயா பத்தித்தானே? எம்.பி.க்கு எழுவத்தஞ்சு வயசாகுது, பார்லிமெண்ட்ல சட்டத்தப் பத்தி அவரு பேசுனதையெல்லாம் புஸ்தகமாப் போடுதிய. பதினஞ்சு வருஷம் அவருக்கு பி.ஏ.வா இருந்தவன்னு என்னையத் தேடி மெட்ராஸ்லேருந்து ஜனக்புரி வரைக்கும் வந்திருக்கிய. அச்சா.

எத்தன பேச்சு, நாப்பத்தொண்ணா? அட்டையிலயே முழங்கினார்னு போட்டிருக்கியளே, எங்கமா முழங்கினாரு? இந்த நாப்பத்தொண்ணுல அவரு எந்திரிச்சு நின்னு வாயத் தொறந்தது நாலே நாலு. அதுலயும் ஒண்ணு, மைக் வேல செய்யலன்னு சொன்னது. அதையும் விடாமச் சேத்திருக்கிய.

சிரிக்காதிய, நெசமாத்தான் சொல்லுதேன். நேரம் போதலன்னா சபாநாயகர் சொல்லுவாரு, எழுதிக் கொண்டாந்தவங்க மேஜையில வச்சிரலாம்னு. தாளக் குடுத்தாப் போதும், பேசுன கணக்குல பதிவாயிரும். ஆனா ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில பொடி எழுத்துல, இது மேஜையில வைக்கப்பட்ட உரைன்னு அச்சடிச்சிருவான். உங்க புஸ்தகத்துல அந்த நட்சத்திரத்த எல்லாம் எடுத்திட்டிய. வாசிக்க எடஞ்சலா இருக்கும்னா? ஐயா ஆபீஸ்ல சொன்னாகளா? அதான பாத்தேன்.

எழுதுனது யாருன்னு கேக்கிய. வேற யாரு, நாந்தான். ஒவ்வொரு மசோதாவுக்கும் ரெண்டு எழுதி வச்சிருப்பேன், ஆதரிச்சு ஒண்ணு, எதுத்து ஒண்ணு. ரெண்டுலயும் ஐயா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருவாரு, கட்சியில முடிவு சொன்ன பெறவு எது வேணுமோ அதக் குடுக்கது. ஒருநா ரெண்டையும் சேத்துக் குடுத்திட்டேன். அதுவும் பதிவாயிட்டு. ஒருத்தனும் கண்டுபிடிக்கல. உங்க புஸ்தகத்துல கூட இருக்கு, எழுவத்தாறாம் பக்கம், இரு தரப்பையும் சீர்தூக்கிய உரைன்னு தலைப்பு குடுத்திருக்கிய.

ஒரு தடவ அரசியல் சட்டத் திருத்தம், சபையில ஆளுக்கு ஆள் கத்துதான். இவரு ஐ.என்.ஏ. மார்க்கெட்ல நின்னு நெய்மீன் செவுளத் தூக்கிப் பாக்காரு. போன்ல என்ன சொல்லுதாருங்கிய, கிறிஸ்துதாஸ், ஓட்டு எப்பம்னு மட்டும் சொல்லுலே, ஆட்டோ பிடிச்சு வந்திருதேன்னாரு. அன்னைக்கு அடிப்படை உரிமையப் பத்தி அவரு பேர்ல மூணு பக்கம் வச்சேன். மறுநாள் ஊர்ப் பேப்பர்ல அரசியல் சட்டத்தின் காவலர்னு போட்டிருந்தான். காவலர் வீட்டுல அரசியல் சட்டப் புஸ்தகம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. கூலர் ஆடுதுன்னு காலுக்கு அடியில குடுத்திருந்தாரு.

எனக்கென்னமா கோவம்? அவரு ஒரு வெத்து வேட்டு, அவர்மேல கோவப்பட என்ன இருக்கு? நன்றிப் பக்கத்துல எம் பேரா? வேண்டவே வேண்டாம். மூணாந் தடவ கேட்டுட்டிய. கார் டிரைவர், தோட்டக்காரன், அடுத்தாப்புல கிறிஸ்துதாஸ், அப்பிடித்தான வரும்.

எந்தப் பேச்சு? நூத்திப் பன்னெண்டாம் பக்கமா. டெலிபோன் மோசடித் தடுப்பு மசோதா. இதுதான் அவரோட உச்சமா? கோர்ட்லயே எடுத்துக் காட்டுதாங்கன்னு பெருமையாச் சொல்லுதிய. தெரியும்மா. காட்டும்போது நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

தண்ணி குடிங்க, சொல்லுதேன்.

அன்னைக்கு வியாழக்கிழம. ஊர்ல ஒரு காதுகுத்து வீடு, ஐயாவுக்கு அஞ்சு மணிக்கு ஃப்ளைட். மசோதா அம்பது பக்கம். கட்சி ஆதரிக்குன்னு மத்தியானமே சொல்லிட்டாங்க, அதனால ஒண்ணு எழுதுனாப் போதும்னு எனக்கு ஒரே சந்தோசம். கார்ல ஏறும்போது ஐயா கேட்டாரு, ஏலே, இதுல வில்லங்கம் ஒண்ணும் இல்லையேன்னு. பதினஞ்சு வருஷத்துல மசோதாவப் பத்தி அவரு எங்கிட்டக் கேட்ட கேள்வி அது ஒண்ணுதான். இல்லைங்கய்யான்னேன்.

நான் வாசிக்கலமா. எதுக்கு இந்தச் சட்டம்னு சேத்து வச்சிருந்த ஒத்தத் தாளப் பாத்தேன், அவ்வளவுதான். உள்ள பதினோராம் பிரிவு இருந்துச்சு. இவன் குத்தம் செய்யலன்னு கோர்ட்டுக்குத் தோணுனாத்தான் ஜாமீன். கேஸ் நடக்கதுக்கு முன்னாலயே நாம நிரூபிச்சிரணும், ஜெயிலுக்குள்ள உக்காந்துக்கிட்டு. அதத் தெரியாம, பழைய பேச்சு ஒண்ணுலேருந்து ஒரு வரிய எடுத்து ஒட்டிக் குடுத்தேன். நீங்க தடிச்ச எழுத்துல போட்டிருக்கியளே, அந்த வரிதான். தவறு செய்யாதவன் இந்தச் சட்டத்தைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

எம் மவன் ஆரோனுக்கு நொய்டாவுல ஒரு சிம் கார்டு கம்பெனியில வேல. வாரவன் குடுக்க காயிதத்தச் சரிபாத்துக் கையெழுத்துப் போடணும். போலிக் காயிதத்துக்கு மூட்ட மூட்டையா சிம் போயிருக்கு. மொதலாளி துபாய்க்கு ஓடிட்டான், கையெழுத்து இவன் கையெழுத்து. இதே சட்டத்துல உள்ள போயி ஒரு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு.

ரெண்டாவது ஜாமீன் மனு அன்னைக்கு சர்க்கார் வக்கீல் எந்திரிச்சு, சட்டம் போட்டவங்க மனசு என்னன்னு பாருங்க மைலார்டுன்னு சொல்லி, அந்த வரிய வாசிச்சான். மாண்புமிகு உறுப்பினர் மாசிலாமணி சொன்னதாம். ஜட்ஜ் தலைய ஆட்டுனாரு. மனு தள்ளுபடி. எம் பொண்டாட்டி லூசி, நர்ஸு, ஒருத்தர வாய் தவறிக் கூட வையமாட்டா. வராந்தாவுல நின்னு சொன்னா, இத எழுதுன கை வெளங்காமப் போவும்னு. சொல்லும்போது எங் கையத்தான் பிடிச்சிக்கிட்டிருந்தா.

அவளுக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் ஐயாவத்தான் வஞ்சிக்கிட்டிருக்கா, நானும் கூடச் சேந்து வையுதேன். வாசிக்காமக் கையெழுத்துப் போடுத ஆளுன்னு அவரப் பத்தி இவ்வளவு நேரம் உங்ககிட்டப் பேசுனேனே, எவ்வளவு வெக்கங்கெட்டவன் நான்.

மணி என்ன? சரி, அந்தப் பைய எடுங்க. ரெண்டு பனியன், ஒரு ஸ்வெட்டர், அவனுக்குத்தான். இன்னைக்கு முலாக்காத், அவனப் பாக்க விடுத நாளு. திகார் ஜெயிலு இங்கேருந்து நடக்க தூரம். தமிழ்ப் பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்குன்னு அவனுக்காகத்தான் அந்தக் காலத்துல இந்த வீட்டப் பிடிச்சோம்.

பேரு கேட்டியள்லா. நன்றிப் பக்கம் வேண்டாம். நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல மட்டும் அந்த நட்சத்திரத்தத் திரும்பப் போட்டிருங்க. அடியில பொடி எழுத்துல, எழுதியவர் கிறிஸ்துதாஸ்னு இருக்கட்டும். புஸ்தகம் வந்ததும் ஒரு காப்பி லூசி பேருக்கு அனுப்புங்க. எந்திரிச்சு நின்னு சொல்ல எனக்கு வாய் வரலமா, நானும் மேஜையில வச்சிட்டுப் போயிருதேன்.