பத்து நாப்பதுக்கு வந்த பதில்

இல்ல சார், டீ வேணாம். காலையிலேர்ந்து நாலு ஆயிடுச்சு, நீங்க குடிங்க. அக்காவுக்குச் சாப்பாடு குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். உள்ள விசாரணை இன்னும் முடியலன்னாங்க, சரின்னு உக்காந்துட்டேன். மூணு நாளா இதே பெஞ்சுதான். இதுல துருத்திட்டு இருக்கற ஆணிகூடப் பழகிப்போச்சு.

ஆமா, என் பேருதான் ஷாதி. பதினாறு முடிஞ்சிருச்சு. குரல் மாத்திப் பேசற பையன் நான்தான். அதுக்குள்ள வாசல்ல நிக்கற காவல்காரர் சொல்லிட்டாரா? ரெண்டு வருசம் ஆச்சு சார், இன்னும் மறக்க மாட்டேங்கறாரு. அவர் குரல்ல அவர் பொண்டாட்டிக்கு போன் போட்டு, எங்கம்மா இன்னிக்கு வர்றாங்க, ஒரு மாசம் இருப்பாங்கன்னேன். அவ்வளவுதான். அந்தம்மா மத்தியானமே பொறந்த வீட்டுக்குப் பொட்டி கட்டிட்டாங்க. எங்க ஹெட்மாஸ்டர், புறா விக்கிற கிழவர், மீன் ஏலம் போடற மஹ்ரூஸ், போர்ட் சயீத்ல நான் பேசாத குரலே இல்ல. இப்ப ஒண்ணு பேசிக் காட்டவா? வேணாம் சார். அப்பறம் பாக்கலாம்.

அக்கா இதுக்கெல்லாம் சிரிக்கவே மாட்டா. நெர்மீன்னா துறைமுகத்துல எல்லா போட்டுக்காரனுக்கும் பயம். ஆபத்துன்னா கூப்பிடற ரேடியோ இருக்கில்ல, அதைச் சோதிச்சு அவ கையெழுத்துப் போட்டாத்தான் போட்டு கடலுக்குப் போகலாம். பேட்டரி தேதி ஒரு வாரம் தாண்டியிருந்தாலும் கழட்டி வெச்சுருவா. நூர்ங்கற மீன்பிடி போட்டோட கேப்டன் ரயிஸ் பயூமி ஒருநாள் கேட்டாரு, ஏம்மா இன்ஜினியர், மீன் என் வலையில விழுதா, உன் ரேடியோல விழுதான்னு. அவ திரும்பிக்கூடப் பாக்கல. முழுகும்போது மீனைக் கூப்பிடுங்க ரயிஸ், வருதான்னு பாப்போம்னா. சமையக்காரர் மெத்வல்லி சிரிச்ச சிரிப்புல கையில இருந்த வெங்காயமெல்லாம் கடல்ல விழுந்துச்சு.

தெரியும் சார், மெத்வல்லி பேரை நீங்க எழுதிட்டீங்கன்னு. எழுதுங்க.

மத்தவங்க எப்படிச் சோதிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பக்கத்துல கட்டியிருக்கற போட்டைக் கூப்பிடுவாங்க, அவன் கேக்குதும்பான், முடிஞ்சுது. அக்கா ஒத்துக்க மாட்டா. பக்கத்து போட்டுக்கு வாயாலயே கத்தலாமே, அதுக்கு எதுக்கு ரேடியோம்பா. முப்பது மைல் தள்ளி இருக்கே கரை நிலையம், அங்க ரேடியோ டூட்டி பாக்கற பெரியவர் உஸ்தாத் ஹில்மியைக் கூப்பிடணும். அவர் பதில் சொன்னாத்தான் நோட்டுல நேரத்தை எழுதுவா. பதில் வரலன்னா கம்பத்து உச்சி வரைக்கும் ஏறி ஆன்டெனா வயரைத் தடவிப் பாப்பா. இதைத்தான் மூணு நாளா சொல்றா. நூர் கிளம்பின அன்னிக்கு காலையில பத்து நாப்பதுக்கு அதுலேர்ந்து கூப்பிட்டேன், ஹில்மி பதில் சொன்னாருங்கறா. அவர் பதிவேட்டுல அப்படி ஒரு அழைப்பே இல்ல. அவர் காதுல விழவே இல்லங்கறாரு. போட்டுல அக்கா தனியாத்தான் இருந்தா, பயூமியும் ஆளுங்களும் ஐஸ் வாங்கப் போயிட்டாங்க. சாட்சி யாரு? அதனால சோதிக்காமலே எழுதிட்டான்னு முடிவு கட்டிட்டீங்க. லைசென்ஸ் போயிரும், ஜெயிலும் உண்டாம். அம்மா சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு.

நடுக்கடல்ல பாதி முழுகின நூரை இழுத்துட்டு வந்தப்பறம்தானே தெரிஞ்சுது, கம்பத்துக்குப் போற வயர்ல உப்புத்தண்ணி இறங்கியிருந்துச்சுன்னு. மிஞ்சிப்போனா ரெண்டு தெரு தூரம் கேட்டிருக்கும்னு உங்க ஆளே சொன்னாரு. பயூமி பாவம், பேட்டரி தீர்ற வரைக்கும் கத்தியிருக்காரு. பத்தொம்பது மணி நேரம் மிதவையில. ஆறு பேர் போனதுல அஞ்சு பேர் வந்தாங்க, மெத்வல்லி வரல.

ஹில்மியா? பேசியிருக்கேன் சார், நிறைய. பேசறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கனைப்பாரு, மூக்கால ஒரு இழுப்பு. ஒரு வார்த்தைக்கு மேல செலவு பண்ண மாட்டாரு. கேக்குது, அவ்வளவுதான். அக்கா எட்டு வருசமா அவரைக் கூப்பிடறா, ஒருநாள் நல்லாருக்கியான்னு கேட்டதில்ல. அதுதான் உங்களுக்கு இடிக்குது, இல்ல? அவ எழுதிக் குடுத்ததுல ஹில்மி பாராட்டினாருன்னு இருக்கும். ஹில்மியாவது, பாராட்டறதாவது. பொய் சொல்றவ கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லக்கூடாதான்னு நேத்து உங்க பெரியவர் சிரிச்சாராமே.

அன்னிக்கு மத்தியானம் அக்கா பஸ்பூசா வாங்கிட்டு வந்தா. அவ இனிப்பு வாங்கி நான் பாத்ததே இல்ல. ஹில்மி பாராட்டினாருன்னு மட்டும் அம்மாகிட்ட ரெண்டு தடவை சொன்னா, என்ன வார்த்தைன்னு சொல்லல, முகமெல்லாம் சிவந்துபோய். நான் சாப்பாட்டு நேரத்துல சொல்லிச் சிரிக்கலாம்னுதான் இருந்தேன். அவ முகத்தைப் பாத்துட்டு சாயங்காலம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். சாயங்காலம் நூர் கிளம்பிருச்சு.

எங்க வீடு எங்கன்னா கேக்கறீங்க? மீன் துறைக்கு எதிர் தெருதான். மாடியில நின்னா நூர் கட்டியிருந்த இடம் அப்படியே தெரியும். அக்காவோட கைரேடியோ ஒண்ணு சார்ஜ் போட்டு வீட்டுலயே இருக்கும். அன்னிக்குப் பள்ளிக்கூடம் போகல நான், மாடியில புறாவுக்குத் தீனி வெச்சிட்டு இருந்தேன். பக்கத்துல இருந்த கைரேடியோவுல அவ ஹில்மியைக் கூப்பிடறது கேட்டுச்சு. ஒரு நிமிசம் பாத்தேன், யாரும் பதில் சொல்லல.

அவ எழுதிக் குடுத்த தாள் உங்ககிட்டதானே இருக்கு? நீங்க அதைப் பாத்துக்கிட்டே கேளுங்க. நான் இன்னும் அதைப் படிக்கல, யாரும் காட்டவும் இல்ல. வார்த்தை மாறுச்சுன்னா என்னை வெளிய தள்ளிருங்க.

க்ஹும். க்ஹும். கேக்குது, நெர்மீன். நல்லாக் கேக்குது. நீ சோதிச்ச போட்டுன்னா நான் கவலையே பட மாட்டேன், பொண்ணே.